சுடப்படுவதற்கு முன்னால் மலாலா என்ன செய்தாள்?

(கேள்வி, சுருக்கமாக: ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் எங்கள் ஊர். நான் கத்தாரில் வேலை பார்க்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. அக்டோபர் 11, பெண் குழந்தைகள் தினப் பேச்சுப் போட்டியில் மலாலாவைப் பற்றிப் பேசப்போகிறாள். என் மச்சான், "சுட்டதுனால பேரு வாங்குன பொண்ணு, வேற என்ன செஞ்சிச்சு? நம்ம மார்க்கத்தை இளக்காரம் பண்ணத்தான் வெள்ளைக்காரன் தூக்கிவச்சு ஆடுறான்" என்கிறான். பிள்ளை குழம்பிப்போய் நிற்கிறது. நம் கடற்கரைப் பிள்ளைகளோடு சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன சொல்லிக் கொடுப்பது?)

தம்பி,

உங்கள் மச்சான் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணியில் இருந்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும் எத்தனையோ பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். மலாலாவைப் பற்றிப் பேச வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் துப்பாக்கிச் சத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள். "டுமீல்!" என்று மேஜையைத் தட்டி, என் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்த பையனும் உண்டு. இப்படியே கேட்டுக் கேட்டுப் பழகினால், குண்டு பட்டதுதான் அந்தப் பெண் செய்த வேலை என்று யாருக்கும் தோன்றும்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். அவள் பிறந்தது 1997 ஜூலை 12, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் மிங்கோரா என்ற ஊரில். சுடப்பட்டது 2012 அக்டோபர் 9. ஆனால் பெஷாவரில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, "என் படிப்புரிமையைப் பறிக்கத் தாலிபான்களுக்கு என்ன துணிச்சல்" என்று அவள் கேட்டது 2008 செப்டம்பரில். வயது 11. பிபிசி உருதுவில் அவளுடைய நாட்குறிப்பு வர ஆரம்பித்தது 2009 ஜனவரி 3. பாகிஸ்தான் அரசு இளைஞர்களுக்கான அமைதிப் பரிசை அவளுக்குக் கொடுத்தது 2011 டிசம்பரில். ஆக, குண்டுக்கு முன்னால் முழுதாக நான்கு வருட வேலை இருக்கிறது. யாரென்று தெரியாமல் வந்து சுடவில்லை. அந்த நான்கு வருட வேலையை நிறுத்தத்தான் வந்தார்கள்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஸ்வாத்தில் அப்போது பஸ்லுல்லா என்ற தாலிபான் தலைவர் எஃப்.எம். ரேடியோ வைத்துப் பேசிப் பேசியே ஊரைக் கைக்குள் கொண்டுவந்தார். "ரேடியோ முல்லா" என்றே அவருக்குப் பெயர். எந்தப் பெண் பள்ளியை விட்டு நின்றாள் என்று பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். பிறகு பள்ளிக் கட்டடங்களுக்கு வெடி வைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அழிந்தன என்று நோபல் பரிசு வாங்கிய மேடையில் மலாலாவே சொன்னார். கடைசியில், 2009 ஜனவரி 15-க்குப் பிறகு எந்தப் பெண்ணும் பள்ளிக்குப் போகக் கூடாது என்று கெடு விதித்தார்கள்.

அந்தக் கெடு நெருங்கும் நாட்களில் ஒரு பள்ளி மாணவியின் கண்ணால் நிலவரத்தை எழுத ஆள் தேடினார்கள் பிபிசி உருதுக்காரர்கள். மலாலாவின் அப்பா ஜியாவுத்தீன் ஒரு தனியார் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். முதலில் எழுத ஒப்புக்கொண்ட ஒரு மாணவியை அவள் வீட்டார் பயந்து நிறுத்திவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் என் பிள்ளையை நிறுத்தியிருப்பேன். பிறகுதான் ஜியாவுத்தீனின் சொந்த மகள் எழுத வந்தாள். உயிர்ப் பயம் இருந்ததால் சொந்தப் பெயர் இல்லை. பஷ்தூன் நாட்டுக் கதை நாயகி ஒருத்தியின் பெயரான குல் மக்காய் என்பதை வைத்துக்கொண்டாள்.

அந்த நாட்குறிப்பில் வீர வசனம் எதுவும் இல்லை. முதல் நாள் குறிப்பில், ராணுவ ஹெலிகாப்டரும் தாலிபான்களும் கனவில் வந்ததாக எழுதுகிறாள். அடுத்ததாக, வகுப்பில் 27 பேரில் 11 பேர்தான் இன்று வந்தார்கள் என்கிறாள். மூன்று தோழிகள் குடும்பத்தோடு பெஷாவருக்கும் லாகூருக்கும் ராவல்பிண்டிக்கும் போய்விட்டார்கள் என்கிறாள். இரண்டு நாள் கழித்து, சீருடையை எடுத்து மாட்டப்போனவளுக்கு, சீருடை வேண்டாம், சாதாரண உடுப்பில் வாருங்கள் என்று தலைமையாசிரியை சொன்னது ஞாபகம் வருகிறது. தனக்குப் பிடித்த ரோஸ் கலர் உடுப்பைப் போட்டுக்கொண்டு போகிறாள். மற்ற பிள்ளைகளும் கலர் கலராக வந்ததில் பள்ளிக்கூடமே வீடு மாதிரி இருந்ததாம். காலைக் கூட்டத்தில், கலர் உடுப்பும் வேண்டாம், அதற்கும் அவர்கள் கோபப்படுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கெடுவுக்கு முந்தைய நாள் எழுதியது இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. நாளையிலிருந்து குளிர்கால விடுமுறை என்று தலைமையாசிரியை அறிவிக்கிறார். ஆனால் பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லவில்லை. இதுவரை இப்படி நடந்ததே இல்லை என்று 11 வயதுப் பிள்ளை குறித்து வைக்கிறாள்.

முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். விடுமுறை அறிவிக்கும்போது திறக்கும் தேதி இல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் வாயைத் திறக்கப் பயந்த இடத்தில், சொல்லாமல் விட்டதைக் கவனித்தவள் அவள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, என்ன உடுத்தினோம், எது சொல்லப்படவில்லை என்று நாள்தோறும் எழுதியதுதான் அவளுடைய போராட்டம். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

பிறகு சின்ன வகுப்புப் பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கலாம் என்று கெடுவைத் தளர்த்தினார்கள். மலாலா ஐந்தாம் வகுப்பு. அவளும் சில தோழிகளும் வயதைக் குறைத்துச் சொல்லி, சால்வைக்குள் புத்தகத்தை ஒளித்துக்கொண்டு போனார்கள். மே மாதம் ராணுவ நடவடிக்கை. லட்சக்கணக்கான ஜனங்களோடு அவர்கள் குடும்பமும் ஊரைக் காலி செய்து, சில மாதம் கழித்துத் திரும்பியது. அதன்பின் புனைபெயர் இல்லாமலேயே தொலைக்காட்சியில் பேச ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்குரிய கதை இல்லை.

மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் நான் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். என் வகுப்பில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. ஆனால் தொடர்ந்து நாலைந்து நாள் வரமாட்டாள், பிறகு ஒரு வாரம் ஒழுங்காக வருவாள், மறுபடி காணாமல் போவாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். "உடம்பு வளையாத பிள்ளை" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் அவள் அடியோடு நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'நீண்ட விடுப்பு' என்று எழுதினேன். காரணம் கேட்ட அலுவலர்களுக்கு 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக் கொடுத்தோம். அந்த இரண்டு வார்த்தையில் எதையும் அடக்கிவிடலாம்.

ரொம்ப நாள் கழித்து வேறொரு காரியத்துக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, அவள் வராத நாட்களை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். அமாவாசையை ஒட்டி ஐந்தாறு நாள். பௌர்ணமியை ஒட்டி ஐந்தாறு நாள். மாதாமாதம் இதே கணக்கு.

நீங்கள் நம் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் இதற்குமேல் உங்களுக்கு விளக்கவே வேண்டாம். தண்ணீர் நன்றாக வற்றும் அந்த நாட்களில்தான் பெண்கள் கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகைகள். சேலைக்கு மேல் சட்டையை மாட்டி, கண்ணாடியைக் கட்டி, கடலடிப் பாறையில் கை கிழியாமல் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு மூழ்குவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு அதிலும் ஆயிரம் கெடுபிடி. அவள் அம்மா விடியுமுன் படகேறினால் திரும்பப் பிற்பகல் ஆகும். வீட்டில் கைப்பிள்ளை ஒன்று. மூத்தவள் பள்ளிக்குப் போனால் அதை யார் பார்ப்பது?

என் அம்மாவும் பாசி எடுத்தவர்தான், தம்பி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தார். அதனால் நான் படித்தேன், டீச்சர் ஆனேன். என் பதிவேட்டிலேயே எழுதியிருந்ததை எனக்கே வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு தேடிப்போய் அவள் அம்மாவைப் பார்த்தேன். "தண்ணி வத்துற நாளுல கடலுக்குப் போகாட்டி சோறேது டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. இப்போது அவளே பாசிக்குப் போகிறாள். அவள் மகள் ஆறாம் வகுப்பு. நான் விசாரித்த வரையில் அமாவாசைக்கும் வருகிறாளாம். சின்னவனைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். அந்தப் பாட்டிதான் என்னிடம் சோறேது என்று கேட்டவர்.

ஸ்வாத்தில் வழிமறித்தது துப்பாக்கி, இங்கே துப்பாக்கி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மேடையில் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு அது. ஆனால் 27-இல் 11 என்று எண்ணிய அந்தப் பழக்கம் இருக்கிறதே, அது நமக்கும் பொருந்தும்.

இனி மச்சானின் இரண்டாவது சந்தேகம். அதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். உலகத்து மேடைகளும் கேமராக்களும் ஒரு பெண்ணின் மேல் வெளிச்சத்தைக் கொட்டின. அதே வேனில் குண்டடிபட்ட கைனத், ஷாஸியா இருவர் பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளிச்சம் போடுகிறவர்களுக்கு அவரவர் கணக்கு இருக்கும். ஆனால் வெளிச்சத்தில் நின்றவர் என்ன பேசினார் என்பதையும் பார்க்க வேண்டுமே.

(இதுவரை 'அவள்' என்று எழுதினேன், சின்னப் பிள்ளையாக இருந்தாள். இனி 'அவர்'.)

சுடப்பட்ட அந்த வாரமே, பாகிஸ்தானின் சுன்னி உலமாக்கள் ஐம்பது பேர் சேர்ந்து, சுட்டவர்கள் செய்தது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். 2013 ஜூலை 12, தன் பதினாறாவது பிறந்தநாளில் ஐ.நா. சபையில் பேசியபோது அளவற்ற அருளாளன் பெயரால்தான் மலாலா தொடங்கினார். தோளில் பாகிஸ்தானின் மறைந்த முன்னாள் பிரதமர் பெனசீர் பூட்டோவின் வெள்ளைச் சால்வை. என்னைச் சுட்டவன் மேல் எனக்கு வெறுப்பில்லை என்றார். படிப்பது ஒவ்வொரு பிள்ளையின் கடமை என்று இஸ்லாம் சொல்கிறது என்றார். அதே வருடம் அக்டோபரில் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டார்கள். போய், ஒபாமாவின் முகத்துக்கு நேரே, உங்கள் ட்ரோன் தாக்குதலில் அப்பாவிகள் சாகிறார்கள், அது பயங்கரவாதத்தைத்தான் வளர்க்கிறது என்றார். 16 வயதில். கைப்பாவையாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார். 2025 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் முஸ்லிம் நாடுகள் கூடிய பெண் கல்வி மாநாட்டில், ஆப்கன் தாலிபான்களை அங்கீகரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். காசாவின் கல்வி முழுவதையும் இஸ்ரேல் நாசமாக்கிவிட்டது என்பதையும் அதே பேச்சில் சொன்னார். ஆப்கானிஸ்தானில் 2021-இலிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகமும் இல்லை. அங்கேயும் திறக்கும் தேதியை யாரும் சொல்லவில்லை.

நோபல் பரிசு 2014-இல். வயது 17, நோபல் வாங்கியவர்களிலேயே இளையவர். அறிவிப்பு வந்தபோது பர்மிங்காம் பள்ளியில் வேதியியல் வகுப்பில் இருந்தார். பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம் நாட்டு கைலாஷ் சத்யார்த்தி, குழந்தைத் தொழிலாளர்களை மீட்பதற்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவர். பேச்சில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம், ஆனால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பரிசுப் பணத்தில், தாய் தகப்பனின் சொந்த மாவட்டமான ஷாங்லாவில் பெண்களுக்கு ஒரு பள்ளி கட்டினார். 2018-இல் அது திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது, கல்யாணம் எல்லாம் பேச்சுக்குத் தேவையில்லை.

மார்க்கம் என்று பேச்சு வந்ததால் உங்கள் மச்சானுக்கு இன்னொன்று. நம் கரைக்குப் பெண் படிப்பு வெளியிலிருந்து வந்து இறங்கிய சரக்கு இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீட்டுக்குள் இருந்த பெண்கள் அரபுத்தமிழ் படித்தார்கள், எழுதினார்கள். அரபி எழுத்தில் தமிழ். தமிழின் ஒலிகளுக்காகப் புது எழுத்துகளையும் சேர்த்துக்கொண்ட முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் எழுதிக் குவித்தார். ஆசியா உம்மா என்ற கீழக்கரைப் பெண் சூஃபி ஞானப் பாடல்கள் பாடினார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைநாட்டு என்று நாங்கள் கணக்கில் எழுதிய ஒரு மூதாட்டி, பேரனைப் பள்ளியில் சேர்க்க வந்த இடத்தில் மடியிலிருந்து பழைய ஏடு ஒன்றை எடுத்து வலமிருந்து இடமாகச் சரளமாக வாசித்தார். வாசித்தது அத்தனையும் தமிழ். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று எழுதிய எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி பெயரில் பெண்களுக்கென்றே கல்லூரி வந்தபோது வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். உள்ளூர்க் கிழவிகளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் இந்தக் கரையில் பெண் பிள்ளைகளை நிறுத்துவது எது? பெரும்பாலும் ஜூன் மாதம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக, தேவையான தடைதான். ஆனால் பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரங்களில். ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் வீட்டில் காசு அடியோடு வற்றியிருக்கும் நேரத்தில்தான் நோட்டு, சீருடை, பஸ், விடுதி எல்லாச் செலவும் வந்து நிற்கும். நகை ஏற்கெனவே அடகில் இருக்கும். அண்ணன் பாலிடெக்னிக், தங்கை ஒன்பதாம் வகுப்பு என்றால், இந்த வருடம் அவன் போகட்டும், இவள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்தால் 'அடுத்த வருடம்' என்ற பேச்சும் கிடையாது. சாயல்குடிப் பக்கம் வேறு மாதிரி. பங்குனி சித்திரையில் பதநீர் பொங்கும்போது குடும்பத்தோடு பனங்காட்டில் போட்ட ஓலைக் குடிசைக்கு, விடிலிக்கு, போய்விடுவார்கள். அப்பா மரமேற, அம்மா கருப்பட்டி காய்ச்ச, அடுப்புக்கு ஓலை தள்ள ஒரு பெண் பிள்ளை வேண்டும். முழுப் பரீட்சை அப்போதுதான் வரும்.

அடுத்தது எட்டாம் வகுப்பு. ஊரில் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடியும். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். வயசுக்கு வந்ததும் அதே வருடமாக இருக்கும். பஸ் நேரத்துக்கு வராது, முள்ளுக்காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். தாய் தகப்பன் பயப்படுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரைக்கும்தான் கட்டாயம், இலவசம். ஊர்ப் பள்ளி முடியும் அதே இடத்தில் சட்டமும் இறக்கிவிட்டுவிடுகிறது. அதே 2010 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்த 25-ஏ பிரிவு, 5 முதல் 16 வயது வரை என்கிறது. காகிதத்தில் அவர்கள் நம்மைவிட இரண்டு வகுப்பு மேலே. காகிதத்தில் இருந்ததைக் கேட்டதற்குத்தான் அந்தப் பிள்ளைக்குக் குண்டு. பன்னிரண்டு வருடப் படிப்பு எல்லாப் பெண்ணுக்கும் வேண்டும் என்று மலாலா திரும்பத் திரும்பக் கேட்பதன் அருமை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில். இப்போது அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம்தான் இப்படிக் கல்லூரிப் பணமாக மாறியது. தங்கம் போய்விட்டதே என்று எங்கள் தெருவில் புலம்பியவர்களும் உண்டு. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

தங்கம் என்றதும் ஒன்று. ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாமைப் பற்றிப் பேசாத பேச்சுப் போட்டி நம் மாவட்டத்தில் கிடையாது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேரப் பணமில்லை, சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது, அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்று கலாமே எழுதியிருக்கிறார். என் சம்பாத்தியத்தில் அதை மீட்பேன் என்று அன்றே உறுதி எடுத்துக்கொண்டதாகவும் எழுதினார். நம் பள்ளிகளில் கலாம் படம் இல்லாத சுவர் இல்லை. ஜோஹரா எதுவரை படித்தார் என்று எந்தப் பிள்ளையும் மேடையில் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் கேட்கட்டும். நான் நடுவராக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே மதிப்பெண் போடுவேன்.

இனி வாப்பாவாகிய உங்களுக்கு. ஜியாவுத்தீன் சொன்ன ஒன்றை நீங்கள் மகளிடம் போனில் சொல்லுங்கள். மேடைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மலாலா பிறந்தபோது உறவுக்காரர் ஒருவர் குடும்ப வம்சாவளியை எடுத்து வந்தார். முந்நூறு வருடம், அத்தனையும் ஆண் பெயர்கள். தன் பெயரிலிருந்து ஒரு கோடு இழுத்து 'மலாலா' என்று எழுதினார் இவர். அந்த வீட்டிலும் எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. மலாலாவின் தாய் தூர் பெக்காய் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர், புத்தகத்தை விற்று மிட்டாய் வாங்கித் தின்றவர். மகள் சுடப்பட்ட அன்றைக்குத்தான் எழுதப் படிக்க முதல் பாடத்துக்காகப் பள்ளியில் போய் உட்கார்ந்திருந்தார்.

பேச்சை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ரோஸ் கலர் உடுப்பில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சுட்டது நடுவில் ஒரே வரி: "2012 அக்டோபர் 9, பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளி வேனில் திரும்பும்போது சுட்டார்கள்." போதும். குரலை உயர்த்த வேண்டாம். உலகத்தின் முதல் பெண் குழந்தைகள் தினம் அதற்கு இரண்டு நாள் கழித்து, 2012 அக்டோபர் 11. அவர் நினைவின்றிக் கிடந்த நேரத்தில். இதைச் சொன்னால் சபை தானாக அமைதியாகும், நான் பார்த்திருக்கிறேன். "ஒரு குழந்தை, ஒரு ஆசிரியர், ஒரு புத்தகம், ஒரு பேனா" மேற்கோளை முன்னால் பேசும் ஏழு பேரும் சொல்லித் தீர்த்திருப்பார்கள். அதை விட்டுவிடலாம்.

போட்டிக்கு முன்னால் ஒரு வேலை கொடுங்கள். ஆறாம் வகுப்பில் தன்னோடு சேர்ந்த பெண்களின் பெயரை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதட்டும். இப்போது ஒன்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று குறி போடட்டும். வேறு பள்ளிக்குப் போனவர்கள் போக, மிச்சம் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்று விசாரிக்கட்டும். மேடையில் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். பெயர் சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்கள். பெயர்கள் உள்ள தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாமார்களில் ஒருவரிடம் கொடுக்கட்டும். அந்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டில் அவர்கள் அதில் இருக்கிறார்களா, கேட்டுப் பாருங்கள். யாருக்காவது அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சொன்னவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஐந்து நிமிடப் பேச்சு என்றால் நாலரையில் முடியும்படி எழுதச் சொல்லுங்கள். மணி அடித்த பிறகும் பேசுகிற பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். அந்த நேரத்துக்குத்தான் நடுவர்களுக்கு டீ வரும், ஆறிப்போகும்.